கிருமியைக் கொல்வது புண்ணை ஆற்றுமா?

நம்மில் பலர் வீட்டில் மருந்துப் பெட்டி ஒன்று இருக்கும். திறந்து பார்த்தால் பழுப்பு நிற மருந்து ஒரு புட்டி, மஞ்சள் நிற மருந்து ஒரு புட்டி, ஊற்றினால் நுரைக்கும் தெளிந்த மருந்து ஒரு புட்டி, மூடி இறுகிப்போன களிம்புக் குழாய் ஒன்று எனக் கிடைக்கும். பழுப்பு நிறத்தில் இருப்பது போவிடோன் அயோடின். நம் பெரியவர்கள் 'மஞ்சள் மருந்து' என்றும் மலாய்க்காரர்கள் 'உபாட் கூனிங்' என்றும் சொல்வது அக்ரிஃபிளேவின். நுரைப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு. காலில் அடிபட்டு வந்தால் கைக்கு எது அகப்படுகிறதோ அதை ஊற்றுகிறோம். எரிந்தால் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று ஆறுதலும் சொல்லிக்கொள்கிறோம்.

இவை கிருமிகளைக் கொல்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் கிருமி செத்துவிட்டால் புண் விரைவாக ஆறிவிடுமா? இரண்டும் ஒன்றுதான் என்றே நானும் பல காலம் எண்ணியிருந்தேன். ஆய்வுக்கூடத்தில் இவை இரண்டையும் தனித்தனியாகத்தான் அளக்கிறார்கள். அப்படி அளப்பதற்கு எத்தனையோ எலிகளும் முயல்களும் பன்றிகளும் தேவைப்பட்டிருக்கின்றன. அச்சோதனைகள் எப்படி நடக்கின்றன, அவற்றின் முடிவை நாம் எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்று, பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவள். இப்போது உயிர்மருத்துவ அறிவியல் இறுதியாண்டில் இருக்கிறேன். 'கிருமிநாசினி' என்ற சொல்லைத் தமிழ்ப்பள்ளியில்தான் கற்றேன். தரை துடைக்கும் நீருக்கும் அதே சொல், காயத்தில் தடவும் மருந்துக்கும் அதே சொல். தரைக்கு உயிர் இல்லை. காயத்தின் அடியிலோ கிருமிகளோடு நம் சொந்த உயிரணுக்களும் இருக்கின்றன. ஊற்றப்படும் மருந்துக்கு இரண்டையும் பிரித்தறியும் ஆற்றல் உண்டா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியைச் சொல் மறைத்துவிடுகிறது.

போர்க்களத்தில் எழுந்த ஐயம்

1865ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கிளாஸ்கோ நகர மருத்துவமனையில் ஜோசப் லிஸ்டர், வண்டி ஏறிக் கால் எலும்பு முறிந்து தோலும் கிழிந்த 11 வயதுச் சிறுவனின் காயத்தைக் கார்பாலிக் அமிலம் நனைத்த துணியால் கட்டினார். அக்காலத்தில் அத்தகைய காயம் பட்டால் காலை வெட்டியெடுப்பதே வழக்கம். அச்சிறுவனின் காயமோ சீழ் பிடிக்காமல் ஆறியது. 1867இல் லிஸ்டர் தம் முடிவுகளை 'லேன்செட்' இதழில் வெளியிட்ட பிறகு, காயத்தில் கிருமிநாசினி இடுவது மெல்ல மெல்ல மருத்துவத்தின் வழக்கமாயிற்று.

முதல் உலகப் போரில் இந்நம்பிக்கை சோதனைக்கு உள்ளானது. பிரான்சின் பூலோன் நகரில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஃபிளெமிங் (பின்னாளில் பெனிசிலினைக் கண்டுபிடித்த அவரேதான்) படைவீரர்களின் ஆழமான காயங்களில் கிருமிநாசினிகள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்பதைக் கவனித்தார். அவர் செய்த சோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கண்ணாடிச் சோதனைக் குழாயைச் சூடாக்கி, அதன் அடிப்பகுதியிலிருந்து முட்கள்போலக் குழாய்களை இழுத்துவிட்டார். குண்டு துளைத்த காயத்தில் இருக்கும் இடுக்குகளுக்கு அது மாதிரி. அதில் கிருமி கலந்த நிணநீரை நிரப்பினார். கொட்டிவிட்டுக் கிருமிநாசினியை ஊற்றி வைத்தார். பிறகு அதையும் கொட்டிவிட்டுப் புதிய நிணநீரை விட்டார். மீண்டும் கிருமி வளர்ந்தது. முட்களின் நுனியில் இருந்த கிருமிகளை மருந்து சென்றடையவே இல்லை. அதோடு, காயத்தில் கிருமியோடு போராடும் வெள்ளையணுக்களைக் கிருமிநாசினி கிருமிகளுக்கு முன்பாகவே அழித்துவிடுகிறது என்பதையும் அவர் காட்டினார். 1919இல் ஆற்றிய உரையொன்றில் இவற்றைத் தொகுத்துரைத்தார்.

அதே போர்க்காலத்தில்தான் நம் மஞ்சள் மருந்தும் காயங்களுக்குப் பயன்படத் தொடங்கியது. 1912இல் பால் எர்லிக் உருவாக்கிய அக்ரிஃபிளேவினைக் காயக் கிருமிநாசினியாக எடுத்துக்காட்டியவர் பிரிட்டனைச் சேர்ந்த கார்ல் பிரௌனிங். எங்கள் தாத்தா ரப்பர்த் தோட்டத்தில் இருந்த காலத்தில், உளி பட்டாலும் முள் குத்தினாலும் தோட்டத்து டிரஸ்ஸர் தடவிவிட்டது இதுதானாம்.

எலியின் முதுகில் ஒரு வட்டம்

எங்கள் துறையில் முதுகலை மாணவர் ஒருவருக்கு உதவியாளராகச் சில வாரங்கள் விலங்குக்கூடத்தில் இருந்தேன். அவருடைய முடிவுகள் அவருக்கு உரியவை. ஆகையால் எண்களைத் தவிர்த்துவிட்டு முறையை மட்டும் சொல்கிறேன். இந்த முறை உலகமெங்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.

வளர்ந்த வெள்ளெலி ஒன்றைக் கெட்டமைன், சைலசின் ஆகிய மருந்துகளால் மயக்குகிறார்கள். முதுகு உரோமத்தை மழித்து, தோலைத் துடைத்து, குறிப்பிட்ட அளவுள்ள வட்டமாகத் தோலை முழுக் கனத்துக்கும் வெட்டியெடுக்கிறார்கள். எல்லா எலிகளுக்கும் ஒரே அளவு, ஒரே இடம். முதுகைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், எலியின் வாய் அங்கே எளிதில் எட்டாது. காயம் பட்ட எலிகளைத் தனித்தனிக் கூண்டில் வைப்பதும் இதற்காகவே. ஒன்றாக விட்டால் ஒன்றின் காயத்தை மற்றொன்று நக்கிவிடும். தடவிய மருந்து வயிற்றுக்குள் போய்விடும்.

பிறகு எலிகளைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரிக்கிறார்கள். இங்கேதான் சோதனையின் உயிர்நாடி இருக்கிறது. ஒரு குழுவுக்குச் சோதிக்கப்படும் மருந்து. இன்னொரு குழுவுக்கு ஏற்கனவே புழக்கத்தில் உள்ள மருந்து. வேறொரு குழுவுக்கு வெறும் உப்புநீர். கடைசியாக ஒரு குழுவுக்கு மருந்தே சேராத வெறும் களிம்பு.

வெறும் களிம்பு எதற்கு என்று நான் கேட்டேன். இளம் எலி நல்ல உடல்நலத்தோடு இருந்தால் அதன் காயம் எதுவுமே தடவாவிட்டாலும் இரண்டு மூன்று வாரங்களில் மூடிவிடும். ஆகவே 'இம்மருந்தைத் தடவிய எலியின் புண் 14 நாளில் ஆறியது' என்று மட்டும் சொன்னால் அதற்குப் பொருளே இல்லை. அதோடு களிம்பின் கொழுப்பே புண்ணை உலரவிடாமல் காக்கும். 1962இல் ஜார்ஜ் விண்டர் இளம் பன்றிகளில் செய்த சோதனையில், மெல்லிய படலத்தால் மூடி ஈரம் காத்த காயங்களில் புதுத்தோல் பரவும் வேகம், காற்றில் உலரவிட்ட காயங்களைவிட ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. புண்ணைக் காயவிட வேண்டும், பொருக்குத் தட்ட வேண்டும் என்ற நம் பழைய எண்ணத்துக்கு இது நேர்மாறானது. ஈரத்தால் வந்த நன்மையை மருந்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது என்பதற்காகவே அந்தக் கடைசிக் குழு.

குறிப்பிட்ட நாள்களில் காயத்தின் மேல் ஒளிபுகும் தாளை வைத்து அதன் விளிம்பை வரைந்தெடுக்கிறார்கள். அல்லது அளவுகோல் ஒன்றை அருகில் வைத்துப் படம் பிடிக்கிறார்கள். முதல் நாள் பரப்பிலிருந்து இன்றைய பரப்பைக் கழித்து, முதல் நாள் பரப்பால் வகுத்து, நூறால் பெருக்கினால் காயம் எத்தனை விழுக்காடு சுருங்கியது என்பது கிடைக்கும். அளப்பவருக்கு எந்த எலி எந்தக் குழு என்று தெரியாமல் இருந்தால் நல்லது. தெரிந்தால் நம் கண்ணே நமக்குப் பிடித்த மருந்தின் பக்கம் சாய்ந்துவிடும்.

அளவு மட்டும் போதாது. காயத்திலிருந்து எடுத்த திசுவை மெழுகில் பதித்து, மிக மெல்லிய சீவலாகச் சீவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். என் வேலை பெரும்பாலும் இந்தக் கண்ணாடிச் சில்லுகளோடுதான். மேசன் சாயம் ஏற்றினால் கொலாஜன் இழைகள் நீலமாகத் தெரியும். நன்றாக ஆறும் புண்ணில் அந்த நீலம் நெசவுத்துணிபோல ஒழுங்குபட்டு வரும். ஆறாத புண்ணில் கலைந்த நூல்கண்டாக இருக்கும். கொலாஜனில் மிகுந்துள்ள ஹைட்ராக்சிபுரோலின் என்ற அமினோ அமிலத்தை அளந்தும் இதைச் சரிபார்க்கலாம். ஆறிய தோலைப் பட்டையாக வெட்டி, எவ்வளவு இழுத்தால் கிழிகிறது என்று பார்க்கும் இழுவிசைச் சோதனையும் உண்டு. எத்தனை காலம் ஆனாலும் தழும்பு பழைய தோலின் வலிமையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத்தான் எட்டும்.

கிருமியைத் தனியே எண்ணுகிறார்கள். காயத்தில் ஸ்டஃபைலோகோக்கஸ் ஆரியஸ் போன்ற கிருமியை வேண்டுமென்றே இட்டு, மருந்து தடவியபின் ஒரு கிராம் திசுவில் எத்தனை கிருமி எஞ்சியது என்று பார்ப்பார்கள். கிராமுக்கு 100,000 என்பதைத் தாண்டினால் புண் ஆறுவது தடைபடும் என்பது பல காலமாகப் பின்பற்றப்படும் எல்லைக்கோடு. கிருமியின் எண்ணிக்கை குறைந்த அதே புண்ணில் புதுத்தோல் மெதுவாகப் பரவுவதும் உண்டு. அப்போது ஒரே மருந்து ஒரு கணக்கில் வெற்றி பெற்று மற்றொன்றில் தோற்கிறது.

எவ்வளவு அடர்த்தி?

1985இல் அமெரிக்க அறுவை மருத்துவ இதழொன்றில் வெளிவந்த ஆய்வு இத்துறையில் அடிக்கடி எடுத்துப் பேசப்படுவது. கொலாஜனை உண்டாக்கும் மனித நாரிழை உயிரணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, அவற்றின்மேல் நான்கு கிருமிநாசினிகளை ஊற்றினார்கள். 1 விழுக்காடு போவிடோன் அயோடின், 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு, 0.25 விழுக்காடு அசெட்டிக் அமிலம், 0.5 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட் ஆகிய நான்குமே அவ்வுயிரணுக்களைக் கொன்றன. நீர்த்துப் பார்த்தபோது வேறுபாடு தெரிந்தது. போவிடோன் அயோடினை 0.001 விழுக்காட்டுக்கும் ஹைப்போகுளோரைட்டை 0.005 விழுக்காட்டுக்கும் நீர்த்தால் கிருமி சாகிறது, உயிரணு பிழைக்கிறது. பெராக்சைடுக்கும் அசெட்டிக் அமிலத்துக்கும் அப்படியோர் இடைவெளி கிடைக்கவில்லை. கிருமியைக் கொல்ல இயலாத அளவுக்கு நீர்த்த பின்பும் அவை நம் உயிரணுக்களைக் கொன்றன. இரத்தம் பட்டதும் பெராக்சைடு நுரைப்பது கிருமி சாவதன் அடையாளம் என்று நினைக்கிறோம். நம் இரத்தத்திலும் உயிரணுக்களிலும் உள்ள கட்டலேஸ் என்ற நொதி அதை நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைப்பதால் வரும் நுரையே அது.

போவிடோன் அயோடினில் ஒரு விந்தை உண்டு. கடையில் விற்கும் 10 விழுக்காட்டுக் கரைசலைவிட, அதை நூறு மடங்கு நீர்த்த கரைசலில்தான் கிருமியைத் தாக்கும் கட்டற்ற அயோடின் கூடுதலாக இருக்கிறது. அடர்ந்த கரைசலில் போவிடோன் அயோடினை இறுகப் பற்றிக்கொள்கிறது. நீர் சேரச் சேரப் பிடி தளர்கிறது. இதைப் படித்துவிட்டு வீட்டுக் குழாய்நீரைக் கலக்க வேண்டாம். நீர்த்த கரைசலில் அயோடினின் கையிருப்பு குறைவு. சீழும் இரத்தமும் அதை விரைவில் தீர்த்துவிடும்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தட்டில் வளர்த்த உயிரணு சாகிறது என்பதால் மனிதப் புண்ணிலும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. போவிடோன் அயோடினை நோயாளிகளிடம் பயன்படுத்திப் பார்த்த ஆய்வுகளின் முடிவுகள் ஒரே பக்கமாக இல்லை. புண் ஆறுவதை அது தாமதப்படுத்தவில்லை என்று கண்டவையும் உண்டு. மருந்தை அடியோடு ஒதுக்கிவிட வேண்டும் என்பது என் வாதமன்று. கிருமி பெருகி நிற்கும் புண்ணுக்கு அது தேவை. சுத்தமான, ஆறத் தொடங்கிவிட்ட புண்ணில் நாள்தோறும் ஊற்றுவதற்குத்தான் காரணம் காண இயலவில்லை.

எலி மனிதன் அன்று

எலியின் தோல் தளர்வானது. அதன் அடியில் மெல்லிய தசைப்படலம் ஒன்று இருக்கிறது. மனிதனிடம் அது பெரும்பாலும் இல்லை. காயம் பட்டால் எலியின் தோல் நாலாபுறமிருந்தும் இழுபட்டுச் சுருங்கிப் பெரும்பகுதியை மூடிவிடுகிறது. நம் தோல் அப்படி எளிதில் சுருங்குவதில்லை. புதுத்திசு நிரம்பி, அதன்மேல் தோல் ஊர்ந்து பரவ வேண்டும். கொலாஜன் உருவாகத் தேவைப்படும் வைட்டமின் சி-யை எலி தானே தயாரித்துக்கொள்ளும், நாம் உண்டாக வேண்டும். சுருக்கத்தைத் தடுப்பதற்காகக் காயத்தைச் சுற்றி சிலிக்கோன் வளையம் வைத்துத் தைக்கும் முறை 2004இல் சுண்டெலிகளில் விவரிக்கப்பட்டது. அதன்பின் இக்குறை ஓரளவு நீங்கியது.

பன்றியின் தோல் நம் தோலுக்கு நெருக்கமானது. 2001இல் வெளிவந்த ஒரு மதிப்பாய்வு, புண் மருந்துகளைப் பற்றிய பல ஆய்வுகளை மனிதர்களிடம் கண்ட முடிவுகளோடு ஒப்பிட்டது. பன்றியில் கண்ட முடிவுகள் 78 விழுக்காடு மனிதரோடு ஒத்துப்போயின. எலி, முயல் போன்ற சிறு விலங்குகளில் 53 விழுக்காடு. கண்ணாடித் தட்டில் 57 விழுக்காடு. எலி தட்டைவிடச் சற்றுக் கீழே நிற்கிறது! ஆனாலும் எலியே மிகுதியாகப் பயன்படுகிறது. அது மலிவு, சிறிய இடம் போதும்.

நம் நாட்டு ஆய்வொன்றை இங்கே நினைவுகூர வேண்டும். பிரசவம் ஆன பெண்களுக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் ஹாருவான் எனும் விரால் மீன் சூப் வைத்துக் கொடுப்பது மலேசியாவில் எல்லா இனத்தாரும் அறிந்த வழக்கம். மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விரால் சாற்றைச் செட்ரிமைடு என்ற கிருமிநாசினிக் களிம்போடு சேர்த்து எலிகளின் காயத்தில் தடவிப் பார்த்து, 2000ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். செட்ரிமைடு மட்டும் தடவிய காயங்களைவிட, விரால் சாறும் சேர்ந்த களிம்பு தடவிய காயங்கள் கூடுதல் இழுவிசையைத் தாங்கின. கிருமியைக் கொல்வது ஒரு பொருளின் வேலை, ஆற்றுவது மற்றொன்றின் வேலை என்று பிரித்துப் பார்த்தது அந்த ஆய்வின் சிறப்பு. பாட்டிமார் சொன்னது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது என்று சிலர் கொண்டாடுவார்கள். எலிகளில் களிம்பாகத் தடவியதற்கும் மனிதர்கள் சூப்பாகக் குடிப்பதற்கும் இடையே தூரம் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

அந்த உயிர்கள்

விலங்குக்கூடத்தில் வேலை என்றதும் "பாவம் இல்லையா?" என்று கேட்காத தோழியர் இல்லை. கேள்வி நியாயமானது. சோதனை முடிவில் எலிகள் கொல்லப்படுகின்றன. திசுவை முழுதாக எடுக்க வேறு வழியில்லை. 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் மூன்று நெறிகளை வகுத்தனர்: இயன்றால் விலங்குக்குப் பதில் வேறு வழி தேடு, எண்ணிக்கையைக் குறை, வேதனையைத் தணி. பல்கலைக்கழகங்களில் விலங்கு நெறிக்குழு ஒப்புதல் தராமல் ஓர் எலியைக்கூடத் தொடக்கூடாது. நம் நாட்டில் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் ஆய்வுக்காக விலங்குகளைப் பயன்படுத்துவதையும் உரிமத்துக்குள் கொண்டுவந்தது.

வேதனையைத் தணிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வீக்கத்தைக் குறைக்கும் வலி மருந்துகள் புண் ஆறும் போக்கையே மாற்றக்கூடும், ஏனெனில் வீக்கம் ஆறுதலின் முதற்கட்டம். அதற்காக வலியோடு விட்டுவிடவும் கூடாது. வேறு வகையைச் சேர்ந்த பியூபிரெனார்ஃபின் போன்ற மருந்தைத் தேர்ந்தெடுத்து, எல்லாக் குழுவுக்கும் ஒரே அளவில் கொடுக்கிறார்கள். என்னைக் கேட்டால், ஒப்பீட்டுக் குழு இல்லாமலும் குலுக்கிப் பிரிக்காமலும் செய்யப்படும் சோதனைதான் பெரிய பாவம். அதில் எலியும் சாகிறது, விடையும் கிடைப்பதில்லை.

நமக்கு ஏன் இது?

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. 2023இல் அது 15.6 விழுக்காடு. இந்தியரிடையே இந்த விழுக்காடு மற்ற இனத்தாரைவிடக் கூடுதல். நீரிழிவு முற்றினால் காலில் உணர்ச்சி மங்கும், இரத்த ஓட்டம் குறையும். எரிச்சலே தெரியாத காலில் மருந்தை ஊற்றினால் 'எரிகிறது, வேலை செய்கிறது' என்ற நம் பழைய கணக்கும் பயன்படாது. நீரிழிவுப் புண்ணுக்கான மருந்துகளைச் சோதிக்க ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்ற பொருளைச் செலுத்தி எலியின் கணையத்தைப் பழுதாக்குகிறார்கள். சில வாரங்களே நீரிழிவோடு வாழ்ந்த இளம் எலியின் முதுகும், இருபது ஆண்டுகள் நீரிழிவோடு வாழ்ந்த ஒருவரின் பாதமும் ஒன்றாகிவிடாது. ஆகவே சந்தையில் 'எலிகளில் நிரூபிக்கப்பட்டது' என்று ஒரு களிம்பை யாரேனும் விற்றால், எதனோடு ஒப்பிட்டார்கள், வெறும் களிம்போடு ஒப்பிட்டார்களா, நீரிழிவு உள்ள மனிதரிடம் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

எலிக்குச் செய்யும் அந்தக் கழித்தல் வகுத்தல் கணக்கு மட்டும் அப்படியே நமக்கும் பயன்படும். நீரிழிவுக் கால் புண் உரிய சிகிச்சை தொடங்கி நான்கு வாரங்களில் பாதியளவாவது குறையவில்லை என்றால், அதே சிகிச்சையில் அது ஆறுவது கடினம் என்று மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. அப்பாவுக்கோ பாட்டிக்கோ காலில் புண் இருந்தால் முதல் நாளே அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே தாதியர் அளந்து சொல்லும் நீள அகலத்தை வாரம் ஒருமுறை தேதியோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்து, அடுத்த முறை செல்லும்போது மருத்துவரிடம் காட்டுங்கள்.